வெயில் காட்டற நாலு நாள்

அதுக்கு இப்பத் தண்ணி ஊத்தாதீங்க அம்மிணி. பாட்டிலை மூடி வெச்சுருங்க. கையப் புடிச்சுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க. பாத்துட்டுச் சும்மா உக்கார முடியலீங்க, வேற ஒண்ணுமில்ல.

தக்காளி நாத்துதானுங்களே? இந்தக் கவருல மொளகா. சந்தையில வாங்கினீங்களா? மாடியில வெக்கறதுக்கா? நல்லதுங்க, வெச்சுப் பாருங்க. வாடிப் போச்சேன்னுதான ஊத்தப் போனீங்க? பொரட்டாசி வெயிலு பொன்னுருகக் காயும்பாங்க. அதுல இந்த பஸ்ஸுத் தகரம் வேற. மத்தியான நேரம் தலை தொங்காம என்ன பண்ணும்? நமக்கே தொங்குது. மடியில இருந்து எறக்கிக் காலுக்குக் கீழ நெழல்ல வைங்க. கவரு வாயைக் கொஞ்சம் தொறந்து உடுங்க, காத்துப் போகட்டும். அவ்வளவுதான். கோயமுத்தூரு போறதுக்குள்ள அதுவா நிமுந்துக்கும். நிமுரலீன்னா என் பேரு பூவாத்தா இல்ல.

பதினாலு வருசமா இதே வேலைங்க எனக்கு. உடுமலைக்குத் தெக்க ஒரு நாத்துப் பண்ணை, நாலு பெரிய நெழல்வலைக் கொட்டாய். அங்க தண்ணி உடறேன். என்ன வேலைன்னு கேக்கறவங்க சிரிப்பாங்க. தண்ணி உடறது ஒரு வேலையான்னு. உட்டுப் பாக்கட்டும்.

தேங்கா நாருல உதுர்ற மஞ்சித்தூளைக் குழித்தட்டுல ரொப்பி, குழிக்கு ஒரு வெதை போட்டு, தட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மூடி வெப்போம். மூணு நாள்ல மூக்கு நீட்டும். அப்பறம் வலைக்குள்ள பரப்பிட்டம்னா அதுல இருந்து என் ராச்சியந்தானுங்க. காலையில ஒருக்கா, வெயில் ஏறும்போது ஒருக்கா, பன்னீர் தெளிக்கற மாதிரி. சாயங்காலம் ஒரு சொட்டு உட மாட்டேன். எலை ஈரத்தோட இருந்துச்சுன்னா கழுத்து அழுகிப் பொசுக்குனு சாஞ்சுரும். எங்க ஓனரு படிச்ச பையன் ஒருத்தரைக் கூட்டியாந்து வெச்சிருக்காரு. அவரு மீட்டரைக் குத்தி ஈரம் பாப்பாரு. நான் தட்டைக் கையில தூக்கிப் பாப்பேன், கனமே சொல்லிப்போடும். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான் வரும். 'பூவக்கா, உங்க கைக்கு பேட்டரி வேண்டாம்'ம்பாரு.

இருவது நாளு ஆச்சுன்னா வெயில் காட்டணும். அந்தப் பையன் அதுக்கு ஹார்டனிங்குன்னு சொல்லுவாரு, எங்களுக்கு வெயில் காட்டறதுதான். அதுவரைக்கும் நெழல்ல நின்னு, வேளா வேளைக்குத் தண்ணி குடிச்சு, செல்லமா வளந்ததுங்க. அப்படியே கொண்டு போயி வெள்ளாமைக் காட்டுல நட்டா வேக வெச்ச கீரையாட்டம் படுத்துக்கும். அதனால கடைசி நாலு நாளு தட்டை வெளிய எடுத்து வெச்சுத் தண்ணியக் கொறைப்போம். ஒரு தண்ணி, அப்பறம் அரைத் தண்ணி, அப்பறம் காலையில பேருக்கு ஒரு தெளிப்பு. மத்தியானம் ஆச்சுன்னா அத்தனை தலையும் தொங்கிப் போவும். புதுசா வர்றவங்களுக்குப் பாக்கவே முடியாது. ஆயிரக்கணக்குல நிக்கும், அத்தனையும் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும்.

அங்கதானுங்க இருக்குது வேலை. பைப்பு கையில இருக்கும், மோட்டரு ஓடும், ஆனா ஊத்தக் கூடாது. சும்மா நிக்கறதுதான் வேலை. நின்னா, அஞ்சு மணிக்கு எல்லாம் எந்திரிச்சுக்கும். நாலு நாளு அப்படி விழுந்து விழுந்து எந்திரிச்சுதுன்னா தண்டு கருநீலமா ஏறிக்கும், எலை தடிச்சுக்கும். அப்பறம் எந்தக் காட்டுல நட்டாலும் ஒண்ணும் ஆகாது.

இந்த ஆனி மாசம் ஒருத்தி கெடுத்தா பாருங்க. மைனாவதின்னு புதுசா வந்தவ. கைக்கொழந்தைக்காரி, நல்ல பிள்ளைதான், எதுத்து வாய் பேசாது. வெயில் காட்டி மூணாவது நாளு, எரநூறு தட்டு வெளிய கெடக்குது. நான் சோத்துப் போசியத் தூக்கிட்டு அக்கட்டால போனேன். தின்னுட்டு வந்து பாத்தா பைப்பைப் புடிச்சுட்டு நிக்கறா. அத்தனை தட்டும் சொட்டச் சொட்ட.

'ஏன்டி'ன்னேன். 'பாக்கப் பாவமா இருந்துச்சுங்கக்கா'ங்கறா.

'பாவம் பாத்தாப் பொழைக்குமாடி?'ன்னு கத்துனேன் பாருங்க, ரோட்டுல போற டெம்போக்காரன் நிறுத்திட்டான். மூணு நாளு வெயில்ல நின்னு ஏறுன வீரியத்தை மூணு நிமிசத்துல கரைச்சுட்டா. தண்ணி பட்டதும் எல்லாம் பளபளன்னு எந்திரிச்சு நின்னுச்சு, அவளுக்கு ஒரே சந்தோசம். அது எந்திரிச்சதில்லீங்க, ஏமாத்து. மறுபடியும் பச்சப் புள்ளை ஆயிருச்சு. சொன்ன தேதிக்கு வண்டியோட வந்து நின்னாரு வாங்கறவரு, குடுத்தாச்சு. எட்டாம் நாளு வெந்து போன நாத்தை ஒரு மூட்டையாக் கட்டிக் கொண்டாந்து ஆபீசு வாசல்ல கொட்டுனாரு மனுசன். கொட்டிட்டுப் போயிட்டாரு.

நாந்தானுங்க ஓனருகிட்டச் சொன்னேன், இவளைத் தாட்டி உட்ருங்கன்னு. எரக்கப்படறவ இந்த வேலைக்கு ஆகாது. அழுதுட்டேதான் போனா. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, அதுக்காக?

ஐயோ, கூடைய மேல வெக்காதீங்க கண்டக்டரு. நானே மடியில வெச்சுக்கறேன். சாயக் கூடாது அது.

எங்க போறேனா? ஆஸ்பத்திரிக்குங்க. எம் பையன் படுத்திருக்கான். ஒம்பது நாளாச்சு. திருமூர்த்தின்னு பேரு. மலைக் கோயிலுக்கு வேண்டிப் பொறந்தவன், ஒரே பையன். முப்பத்தோரு வயசு. அவங்கப்பா போயி ரொம்ப வருசம், நாந்தான் வளத்துனேன்.

என்னத்தச் சொல்றது. குடிதாங்க. எங்க பண்ணையிலயே டெம்போ ஓட்டிட்டு இருந்தான், நாத்தை ஊரூருக்குக் கொண்டு போயி எறக்கறது. நல்லா ஓட்டுவான். ஒரு குழி கலையாது. அலுப்புக்குன்னு ஆரம்பிச்சது. அப்பறம் அலுப்பில்லாத நாளும். போன மாசி மாசம் நாத்தோட வண்டிய வாய்க்கால்ல எறக்கிட்டான். ஓனரு என் மொகத்துக்காகப் போலீசுக்குப் போகல, வேலை மட்டும் போச்சு. வைகாசிப் பாதியில மருமவ கௌசல்யா புள்ளையத் தூக்கிட்டு மடத்துக்குளத்துக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. போறவ சும்மா போகல, இவனை ஒரு எடத்துல சேத்து உட்டுட்டுத்தான் போனா. குடிய நிறுத்தற எடம். நாப்பத்தஞ்சு நாளு. சரியாயி வந்து, ஆடிப் பதினெட்டு வரைக்கும் தொடாம இருந்தான்னா நான் வாரேன்னு சொல்லிட்டுப் போனா. அந்த நாப்பத்தஞ்சு நாளும் எனக்குச் சோறு எறங்கல. பாக்கவும் உட மாட்டாங்க.

அங்க என்ன வைத்தியம்னு மூர்த்தியே வந்து சொன்னான். மொதப் பத்து நாளு மாத்தரை, ஊசி, படுக்கை. மாத்தரையக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு, அப்பறம் தோட்ட வேலை. கடைசிப் பத்து நாளு கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போயி, அந்தக் கடை வாசல் வழியாவே நடக்க உட்டுக் கூட்டியாருவாங்களாம். மொதல்ல ஒரு சாரு கூடப் போவாராம், அப்பறம் இவனைத் தனியாவே அனுப்புவாங்களாம். போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு உக்காந்து சொல்லோணுமாம். இதெல்லாம் ஒரு வைத்தியமுங்களா? அடைச்சு வெச்சுட்டு ஒரு நாளு தொறந்து உட்டுட்டாங்கன்னுதான் நான் சொல்லுவேன். படிப்படியா ஒண்ணும் பண்ணல. நாத்து வளக்கறவளுக்குத் தெரியாதா?

வீட்டுல இருக்கறவங்களையும் கூப்பிட்டு ஒரு நாளு உக்கார வெச்சுச் சொன்னாங்க. ஒரு சொட்டுங்கூட ஆகாது. மத்தியானத்துல, சாயங்காலத்துல, உசுரே போற மாதிரி அவனுக்கு வரும். ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு. தாங்கிட்டான்னா அதுவாப் போயிரும். தாங்க முடியலீன்னா போன் பண்ணுங்க, எந்நேரமானாலும் எடுப்போம்னு ஒரு சீட்டுல நம்பரு எழுதிக் குடுத்தாங்க. நான் அதைக் கொண்டாந்து சாமி படத்துக்குப் பொறத்தால சொருகுனேன். நம்ம வீட்டுச் சமாச்சாரத்தை ஊரானுக்குப் போன் போட்டுச் சொல்றதா?

ஆனி கடைசியில வந்தான். என்ன தெளிச்சிங்கறீங்க. கண்ணு வெள்ளையா, மொகத்துல ஒரு களை, அவனுக்குக் கல்யாணம் பண்ணுன நாள்ல இருந்த மாதிரி. 'எப்படிம்மா இருக்கே'ன்னு கேட்டான். அவன் என்னைய அப்படிக் கேட்டு எத்தனை வருசமாச்சு! வந்த ரெண்டு நாளும் நல்லாத்தான் இருந்தான். தண்ணித் தொட்டியக் கழுவுனான், ஓடு மாத்துனான். சாயங்காலமானா புள்ளைகிட்டப் போன்ல பேசுவான். அப்பா ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு நீ ஆடறதுக்குத் தூரி கட்டி வெக்கறேன் சாமீன்னு சொன்னான். எனக்குக் கேட்டுட்டே இருக்கலாம்னு இருந்துச்சு.

மூணாவது நாளு ஞாயித்துக்கெழமை. எனக்கு லீவு. மத்தியானம் சோத்தைப் போட்டு வெச்சுக் கூப்படறேன், வரல. கட்டல்ல குறுகிப் படுத்திருக்கான். வேர்த்து ஊத்துது. கை ரெண்டும் நடுங்குது. உதடு காஞ்சு போச்சு. ரெண்டு நாளா இருந்த களையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, தலை தொங்கிப் போயிருச்சு எம் புள்ளைக்கு.

'அம்மா, என்னைய உள்ள வெச்சுப் பூட்டிரு'ன்னான். 'சாவிய எடுத்துட்டு எங்கயாவது போயிரு. அஞ்சு மணிக்கு வந்து தொற. நான் கத்துனாலும் தொறக்காத'ன்னான்.

பெத்த புள்ளைய நாயக் கட்டற மாதிரிக் கட்டிப் பூட்டறதா? முடியாதுன்னேன். அந்தச் சாருக்காவது போனைப் போடுன்னான். அவன் யாருடா உன்னையப் பெத்தவனான்னு கேட்டேன். மூர்த்தி மொழங்கையக் கடிச்சுட்டுச் செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டான். சித்தெ நேரம் பாத்துட்டே நின்னேன். நிக்க முடியலீங்க. பெத்த மனசு பித்துன்னு சும்மாவா சொன்னாங்க. என் கண்ணு முன்னாலயே உசுரு போயிரும்னு பயந்துட்டேன்.

நான் கடைக்குப் போனேன். என் சென்மத்துல அந்தப் படி ஏறுனதில்ல. முந்தானையத் தலைக்குப் போட்டுட்டுப் போனேன். ஆம்பளைங்க எல்லாம் வழி உட்டு ஒதுங்கி நின்னாங்க. யாருக்கும்மான்னு ஒருத்தன் கேட்டான். மருந்துக்குன்னேன். பொய்யில்லீங்க அது.

குவாட்டரு ஒண்ணு வாங்கியாந்தேன். ஒரு மூடி. ஒரே ஒரு மூடி. பண்ணையில நாத்துக்கு மருந்து கலக்கறதும் மூடி அளவுலதான். பத்து லிட்டருக்கு ஒரு மூடி. ஒரு மூடி யாரையும் கெடுக்காது, பதினாலு வருசமாப் பாக்கறேன். தண்ணியில கலந்து கிட்டக் கொண்டு போனேன். வாசம் பட்டதும் திரும்பிப் பாத்தான்.

'ஏம்மா?'ன்னான்.

அவ்வளவுதான் கேட்டான். அப்பறம் வாய இறுக்கிட்டு மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிட்டான். நாந்தான் தலையத் தூக்கி மடியில வெச்சு, மருந்து சாமி, ஒரு வாயி, உசுரு நிக்கட்டும்னு உதட்டுல வெச்சேன். சின்னதுல சங்குல பாலு போட்டப்பவும் இப்படித்தான், மொதல்ல துப்புவான், அப்பறம் குடிச்சுக்குவான். குடிச்சான். அழுதுட்டே குடிச்சான். எனக்கும் அழுகதான். கொஞ்ச நேரத்துல கை நடுக்கம் நின்னு போச்சுங்க. பாத்தீங்களா? நின்னு போச்சு. மொகத்துல ரத்தம் வந்துச்சு. எந்திரிச்சு உக்காந்து சோறு தின்னான். எனக்கு அன்னைக்கு வந்த நிம்மதி எந்தக் கோயில்லயும் வந்ததில்லீங்க.

என்னைய அப்படிப் பாக்காதீங்க. கணக்கில்லாமக் குடுக்கல நான். கணக்கு வெச்சேன். நாள்காட்டித் தாள்ல எழுதி வெச்சேன். தண்ணி கொறைக்கற மாதிரித்தான். ஒரு மூடி ராத்திரி வரைக்கும் தாங்கல, அதனால விடிஞ்ச மக்யா நாளு எட்டு மூடி, அடுத்த நாளு ஏழு, அப்பறம் ஆறு. அப்படியே எறக்கிட்டு வந்தா ஆடிப் பதினெட்டுக்கு முன்னால ஒண்ணுமே வேண்டாம்னு ஆயிரும். அந்த எடத்துக்காரங்க செய்யாத வேலைய நான் செய்யலாம்னு பாத்தேன். ரெண்டு நாளு சரியா வந்துச்சு. மூணாவது நாளு நான் பண்ணைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பாட்டிலே இல்ல. நாலாவது நாளு அவனே போயிட்டான். அதுக்கு என் மேல தப்பு சொல்ல முடியுங்களா? எறக்கறதுக்கு முன்னால ஏறிப் போச்சு.

என்னங்க ஊரு இது, பொள்ளாச்சியா? அதுக்குள்ளயா. இந்த டிரைவரு நல்லா ஓட்டறாரு.

ஆடி அஞ்சாந்தேதி கௌசல்யா வந்தா. சொல்லாமக் கொள்ளாம வந்தா, புள்ளைக்கு அப்பன் ஞாவகமாவே இருக்குதுன்னு. கையில ஒரு தூக்குப் போசி, கறிக்கொழம்பு. வாசப்படியில நின்னவளுக்கு வாசம் அடிச்சிருச்சு. அவன் கட்டலுக்குக் கீழ கெடக்கறான். அவ அவனைப் பாக்கல அம்மிணி, என்னையப் பாத்தா. செவுத்துல நாள்காட்டி, அதுல என் கையெழுத்து, எட்டு, ஏழு, ஆறு. எதுக்கு இந்தக் கணக்குன்னு கேட்டா. சொன்னேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? நல்லதுக்குத்தான செஞ்சேன்? போசியக் கீழ வெச்சுட்டு, புள்ளையத் தோள்ல போட்டுட்டு, ஒரு வாயித் தண்ணிகூடக் குடிக்காம வந்த வழியே திரும்பிட்டா. அவளும் ஒரு தாயிதான. ஒரு நாளு, ஒரே நாளு, அவன் வேர்த்து நடுங்குனதைக் கூட இருந்து பாத்திருந்தா அவளுக்குத் தெரியும். அவங்கவங்க முதுகு அவங்கவங்களுக்குத் தெரியறதில்லீங்க.

அப்பறம் என்ன, ஆவணி வரைக்கும் இதேதான். நான் வாங்கிக் குடுக்கலீன்னா தெருவுல விழுந்து கெடப்பான். ரோட்டுல விழுந்து லாரியில அடிபடறதுக்கு வீட்டுல என் கண்ணு முன்னால கெடக்கட்டும்னு நானே போயி வாங்கியாருவேன். ஒரு நாளு கடைப் படி எறங்கறேன், எதுக்க மைனாவதி வாறா, கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு. என் கையில இருக்கற பையப் பாத்தா. மூர்த்தி அண்ணனுக்காங்கக்கான்னா. ஆமான்னேன். 'பாவம் பாக்கறீங்களாக்கா?'ன்னு கேட்டா. பின்ன, பெத்தவ பாக்காம வேற யாரு பாப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேலைய உட்டு நிறுத்துன கோவம் அவளுக்கு, மனசுல வெச்சுட்டுக் கேக்கறா. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்ல.

இந்த மாசம் மொத வாரம் வவுறு ஊதிப் போச்சு. கண்ணு மஞ்சக் கெழங்கு. ரத்தமா வாந்தி. ஓனருதான் கார்ல போட்டுக் கொண்டு வந்து சேத்துனாரு. டாக்டரம்மா சின்ன வயசுதான், நல்ல மாதிரிப் பேசுனாங்க. ஈரல் முக்காவாசி போச்சாம். மீதி கால்வாசி இருக்குதாம். இன்னும் மூணு வாரம் ஒரு சொட்டு உள்ள போகாம இருந்தா அந்தக் கால்வாசியை வெச்சுப் பாக்கலாமாம். ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா அன்னைக்கே முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. என்னையப் பாத்துத்தான் சொன்னாங்க. கௌசல்யா முன்னாலயே ஏதோ சொல்லி வெச்சிருப்பா.

ஆமாங்க, அவதான் கூட இருக்கா. சேதி கேட்டு அன்னைக்கே வந்துட்டா. ராத்திரி பகல்னு பாக்காம உக்காந்திருக்கா, அது வரைக்கும் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா என்னையப் பக்கத்துல அண்ட உடறதில்ல. நான் கஞ்சி கொண்டு போனாக்கூட மோந்து பாக்கறா.

இன்னொண்ணு கேளுங்க, அதுதான் என்னால தாங்க முடியல. அங்க தண்ணியும் அளந்துதான் குடுக்கறாங்க. நெசமாத்தாங்க. வவுத்துல நீரு கோக்குதாம், ஒரு நாளைக்கு முக்கா லிட்டருக்கு மேல ஆகாதாம். பதினாலு வருசமா உசுருக்குத் தண்ணி ஊத்துன கை இது. எம் புள்ளை உதடு வெடிச்சுக் கெடக்கறான், நான் சொம்பைப் புடிச்சுட்டு நிக்கறேன், ஊத்தக் கூடாதாம். நர்சு பஞ்சை நனைச்சு உதட்டைத் தொட்டுட்டுப் போறா. நேத்து மத்தியானம் கௌசல்யா வெளிய போன நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன். கையி அதே மாதிரி நடுங்குது. அதே வேர்வை. தலை தொங்கிப் போயி என்னையவே பாக்கறான். என்ன சாமி வேணும்னேன். 'நீ வராதம்மா'ன்னான். ரெண்டு தடவை சொன்னான். சீக்காளி பேசறதை மனசுல வெச்சுக்க முடியுங்களா? பேச்சு பொறழுதுன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க.

கூடையில என்னவா? சோறு இருக்குது, துண்டு இருக்குது. அப்பறம்... உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க உக்கடத்துல எறங்கி உங்க பாட்டுக்குப் போறவங்க. இந்தா, இந்த டானிக்கு பாட்டில். டானிக்கு இல்ல. நானே கழுவி ஊத்திக் கொண்டு போறேன். நாலு மணிக்குக் கௌசல்யா துணி தொவைக்கப் போவா, அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு மூடி. நிறையக் குடுக்க நான் என்ன கிறுக்கியா? ஒரு மூடி. அந்த நடுக்கம் நிக்கறதுக்கு. ஒரு மூடி என்னங்க பண்ணிரும்? அவங்க பொஸ்தகத்துல படிச்சதைச் சொல்றாங்க. நான் வாட்டத்தைப் பாத்து வளந்தவ. ஒரேயடியா நிறுத்துனா எதுவும் தாங்காது, எனக்குத் தெரியும்.

ஏனுங்க கையப் புடிக்கறீங்க? உடுங்க அம்மிணி. நான் அப்பப் புடிச்சதுக்கு இப்பப் புடிக்கறீங்களா? அது நாத்து. இது எம் புள்ளை.

இந்தாங்க, அதை உட்டுட்டுக் கீழ பாருங்க. உங்க நாத்தைப் பாருங்க! நாஞ் சொன்னனா இல்லையா? எந்திரிச்சு நிக்குது பாருங்க, எல்லாத் தலையும். ஒரு சொட்டு ஊத்துனோமா? இல்ல. அப்ப நீங்க பாவம் பாத்து ஊத்தீருந்தா இந்நேரம் வெந்து போயிருக்கும். வீட்டுக்குப் போயும் இன்னைக்கு ஊத்தாதீங்க. நாளைக்குக் காலையில ஒரு தெளிப்பு, போதும். பொழைச்சுக்கும். கை ராசிக்காரி சொல்றேன், காய்க்கும்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பா? எறங்கோணும், எறங்கோணும், விசில் அடிச்சுராதீங்க. எந்திரிச்சா இந்த முட்டி வேற. அம்மிணி, சித்தெ இந்தக் கூடையப் புடிச்சுக்குங்க. கம்பியப் புடிச்சு எறங்கறதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணும். நான் கீழ எறங்கிட்டுச் சன்னல்கிட்ட வாறேன், அப்படியே குடுங்க. நேராப் புடிங்க, சாஞ்சுறப் போவுது.

ஆங், எறங்கிட்டேன். குடுங்க.

குடுங்க அம்மிணி. சன்னல்ல நொழையுமுங்க, சின்னக் கூடைதான். கண்டக்டரே, சித்தெ நில்லுங்க, எங் கூடை அவங்ககிட்ட இருக்குது. ஏனுங்க அப்படி நெஞ்சோட அணைச்சு வெச்சிருக்கீங்க? அதுல உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாலு மணிக்கு அவ தொவைக்கப் போயிருவா, அப்பறம் நேரம் கெடைக்காது. வண்டி நகருது அம்மிணி. குடுங்க. அங்க அவன் வாடிக் கெடக்கறான்.

பாவம் பாருங்க, அம்மிணி.